பக்கத்துக் கோபுரத்துக்கு வரிச் சலுகை, பள்ளிக்கூட வரி யார் தலையில்?

ஜூலை மாதம் வந்தால் நியூஜெர்சியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு நகராட்சியிலிருந்து ஒரு தாள் வரும். வீட்டுக்கடன் இருந்தால் அதன் மேலேயே "இது பில் அல்ல" என்று அச்சடித்திருப்பார்கள். வரியை வங்கியே மாதத் தவணையோடு சேர்த்துப் பிடித்துக் கட்டிவிடும் என்பதால் நம்மில் பலர் அந்தத் தாளைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன்.

ஆனால் வாரக் கடைசியில் நாலு குடும்பம் கூடினால் பேச்சு இந்த வரியில்தான் வந்து நிற்கிறது. "ஸ்டேஷன் பக்கத்துல வந்திருக்கே பெரிய அபார்ட்மென்ட், அவங்க ஒரு டாலர் வரி கட்டறதில்லை. அங்க இருக்கிற பிள்ளைங்க படிப்புக்கும் நாமதான் கட்டறோம்" என்பார் ஒருவர். "சலுகை கொடுக்கலேன்னா அந்த இடத்துல இன்னும் புல்லுதான் முளைச்சிருக்கும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பாதி சரி, பாதி தப்பு. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளக் கணக்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. ஊர்த் திருவிழா எப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் போதும்.

தலைக்கட்டு வரி

நம் கிராமங்களில் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். அதை இரண்டு விதமாகப் போடலாம்.

ஒரு ஊரில் முதலில் செலவை முடிவு செய்கிறார்கள். பந்தல், மேளம், அன்னதானம், வாணவேடிக்கை எல்லாம் சேர்த்து 2 லட்சம் ரூபாய். ஊரில் 100 தலைக்கட்டு. ஆளுக்கு 2,000. இப்போது ஊர்ப் பெரியவர்கள் கூடி, "இந்த 20 வீட்டுக்கு வரி வேண்டாம்" என்கிறார்கள். செலவு குறையவில்லை. மீதி 80 வீடும் ஆளுக்கு 2,500 கட்ட வேண்டும். திருவிழா அப்படியே நடக்கும், பாரம் மட்டும் அடுத்த வீட்டுத் தலையில் ஏறும்.

இன்னொரு ஊரில் செலவைப் பேசுவதே இல்லை. "தலைக்கட்டுக்கு 2,000, வருகிற காசில் திருவிழா" என்பதுதான் வழக்கம். அங்கே 20 வீட்டை விட்டுவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் அதே 2,000-தான் கட்டுவார். ஆனால் வசூல் 1,60,000-தான். வாணவேடிக்கை போய்விடும், அன்னதானத்தில் ஒரு வேளை போய்விடும்.

அமெரிக்காவின் வீட்டு வரிச் சண்டையில் முக்கால்வாசிக் குழப்பம் இந்த இரண்டு ஊரையும் ஒன்றாக நினைப்பதால் வருவது. டெலவேர் ஆற்றின் ஒரு கரையில் இருக்கும் நியூஜெர்சி முதல் வகை. எதிர்க்கரையில் இருக்கும் பிலடெல்ஃபியா இரண்டாவது வகை.

வரித் தாளில் இருக்கும் சொற்கள்

அந்த ஜூலைத் தாளைப் பிரித்தால் உங்கள் வீட்டுக்கு ஒரு மதிப்பு போட்டிருக்கும். அதுதான் மதிப்பீடு, அதாவது நிலம் இவ்வளவு பெறும், மேலே நிற்கும் கட்டடம் இவ்வளவு பெறும் என்று வரிக்காக அரசு போட்டுவைக்கும் தொகை. ஊரில் வரி கட்டும் எல்லாச் சொத்துகளின் மதிப்பீட்டையும் கூட்டினால் வருவது வரித்தளம். பள்ளிக்கோ நகராட்சிக்கோ அந்த வருடம் வசூலித்தாக வேண்டிய மொத்தத் தொகைக்கு வரிக்கோரிக்கை என்று பெயர் வைத்துக்கொள்வோம். கோரிக்கையை வரித்தளத்தால் வகுத்தால் வரி விகிதம் கிடைக்கும்.

அதற்குக் கீழே பணம் எங்கெங்கே போகிறது என்று ஒவ்வொன்றாக இருக்கும்: கவுண்டி (பல ஊர்களைச் சேர்த்த மாவட்ட நிர்வாகம்), பள்ளி மாவட்டம் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), நகராட்சி, நூலகம். மாநிலம் முழுக்கப் பார்த்தால் ஏறக்குறைய பாதி பள்ளிக்குத்தான் போகிறது. நியூஜெர்சியில் சராசரி வீட்டு வரி 2024-இல் வருடத்துக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதில் பாதி என்றால் சின்னத் தொகை இல்லை. அதனால்தான் வீட்டு வரியில் யாருக்குச் சலுகை கொடுத்தாலும் அது பள்ளிக்கூடத்தைத் தொடாமல் போகாது.

இன்னொரு தப்பெண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மதிப்பீடு கூடினால் வரி கூடும் என்பது எப்போதும் உண்மையல்ல. நியூஜெர்சி மாதிரி முதல் வகை ஊரில் எல்லார் வீட்டு மதிப்பும் ஒரே அளவில் ஏறினால், கோரிக்கை மாறாதவரை, விகிதம் அந்த அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் மதிப்பு மற்றவர்களை விட அதிகமாக ஏறினால்தான் உங்களுக்கு அடி.

அபேட்மென்ட்: பிலடெல்ஃபியா கதை

அபேட்மென்ட் என்றால் வரித் தளர்வு. புதிதாகக் கட்டும் அல்லது புதுப்பிக்கும் கட்டடத்தின் மதிப்பில் ஒரு பகுதியை, குறிப்பிட்ட வருடங்களுக்கு, வரிக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. வரியே இல்லை என்று அர்த்தமில்லை. நிலத்துக்கு வரி உண்டு.

பிலடெல்ஃபியாவில் 1950-இல் 20 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். 2000-இல் 15 லட்சத்துச் சொச்சம். வீதி வீதியாகக் காலி வீடுகள். ஒரு வீட்டைக் கட்ட ஆகும் செலவு, அதை விற்றால் கிடைக்கும் விலையை விட அதிகம். அந்த நிலையில் யார் வந்து கட்டுவார்கள்? அதனால் 1990-களின் கடைசியில் பழைய கட்டடங்களைக் குடியிருப்பாக மாற்றுவதற்கு 10 வருடத் தளர்வு கொண்டுவந்தார்கள். 2000-இல் அதைப் புதுக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். தகுதி இருந்தால் தானாகக் கிடைக்கும், பேரம் பேச வேண்டாம். 2010 கணக்கெடுப்பில் 60 வருடத்தில் முதல் தடவையாக மக்கள்தொகை கொஞ்சம் ஏறியது. தளர்வை ஆதரிப்பவர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். அந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன்.

ஆனால் ஒரே தெருவில் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் நான் போட்டவை, விகிதம் மட்டும் உண்மையானது: 1.3998 சதவீதம், அதில் சுமார் 56 சதவீதம் பள்ளிக்கு. ஒன்று பழைய வரிசை வீடு, மதிப்பு 2 லட்சம் டாலர். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு 2025 முதல் 1 லட்சம் டாலர் கழிவு உண்டு. மீதி 1 லட்சத்துக்கு வரி ஏறக்குறைய 1,400 டாலர். அடுத்தது புது வீடு, மதிப்பு 4 லட்சம், அதில் நிலம் 80,000. பழைய சட்டத்தின்படி முழுத் தளர்வு பெற்ற வீடென்றால் நிலத்துக்கு மட்டும்தான் வரி: ஏறக்குறைய 1,120 டாலர். இரண்டு மடங்கு மதிப்புள்ள வீடு, பழைய வீட்டை விடக் குறைவாகக் கட்டுகிறது. பழைய வீட்டுக்காரர் அங்கே 40 வருடம் இருந்தவராக இருக்கலாம். ஊரை விட்டு எல்லாரும் போனபோது போகாமல் இருந்தவர் அவர்.

பிலடெல்ஃபியாவில் பள்ளி மாவட்டத்துக்குத் தானாக வரி போடும் அதிகாரம் கிடையாது. விகிதத்தை நகர மன்றம்தான் முடிவு செய்யும். அதாவது "தலைக்கட்டுக்கு 2,000" வகை ஊர். புது வீடு கட்டாத பணத்தைப் பழைய வீட்டுக்காரர் அந்த வருடமே கட்டிவிடுவதில்லை. பள்ளிக்கு வரவேண்டிய பணம்தான் வராமல் போகிறது. 2013-இல் அதே நகரத்தில் இருபதுக்கு மேற்பட்ட பள்ளிகளை மூடினார்கள், ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு வேலை போனது. அதற்கு முக்கியக் காரணம் மாநில நிதி வெட்டு முதலான வேறு பல, தளர்வுதான் காரணம் என்று சொன்னால் அது நேர்மையில்லை. ஆனால் பள்ளியில் ஆலோசகரும் செவிலியரும் இல்லாத வருடத்தில் மேல்தட்டு மாடி வீடுகளின் கட்டடத்துக்குப் பள்ளி வரி இல்லை என்பது மக்கள் கண்ணை உறுத்தியது. உறுத்தத்தான் வேண்டும்.

கடைசியில் 2019 டிசம்பரில் சட்டத்தை மாற்றினார்கள். 2021 முடிந்த பிறகு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் புதுக் குடியிருப்புகளுக்கு முதல் வருடம் 100 சதவீதத் தளர்வு, அடுத்த வருடம் 90, பிறகு 80 என்று இறங்கிக்கொண்டே போகும். பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்களுக்கு முழுச் சலுகை தொடர்கிறது.

இதுவரை பார்த்தது: தளர்வு கட்டடத்துக்கு மட்டும், நிலத்துக்கு இல்லை. விகிதம் மாறாத ஊரில் இழப்பு முதலில் பள்ளியின் பையில் விழுகிறது.

பைலட்: ஆற்றின் இந்தக் கரை

நியூஜெர்சியில் பெரிய கட்டடங்களுக்கு நடப்பது வேறு ஏற்பாடு. அதற்கு பைலட் என்று பேர். விமானம் ஓட்டுபவர் இல்லை, "வரிக்குப் பதிலாகக் கட்டும் பணம்" என்பதன் ஆங்கிலச் சுருக்கம். கட்டுமான நிறுவனமும் நகராட்சியும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். கட்டடத்துக்கு வழக்கமான வரி கிடையாது. அதற்குப் பதில் வாடகை வருமானத்தில் அல்லது கட்டிய செலவில் ஒரு சதவீதத்தை வருடந்தோறும் நகராட்சிக்குக் கட்ட வேண்டும். இப்படி 30 வருடம் வரை போகலாம்.

விஷயம் இருப்பது அந்தப் பணம் எப்படிப் பிரிகிறது என்பதில். 95 சதவீதம் நகராட்சிக்கு. 5 சதவீதம் கவுண்டிக்கு. பள்ளி மாவட்டத்துக்கு எதுவும் கொடுக்கச் சட்டம் சொல்லவில்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒரு கட்டடம் வழக்கமான வரியாக 100 டாலர் கட்டியிருக்கும் என்று வையுங்கள். அதில் பள்ளிக்கு 50, கவுண்டிக்கு 20, நகராட்சிக்கு 30. பைலட்டில் அந்தக் கட்டடம் 60 டாலர்தான் கட்டுகிறது. நகராட்சிக்கு 57, கவுண்டிக்கு 3. கட்டடக்காரருக்கு 40 டாலர் மிச்சம். நகராட்சிக்கு 27 டாலர் கூடுதல். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற இரண்டு பேருக்கும் லாபம். இரண்டும் சேர்த்து 67 டாலர். அது எங்கிருந்து வந்தது? பள்ளியின் 50, கவுண்டியின் 17. இவர்கள் இருவரும் அந்த மேஜையில் உட்காரவே இல்லை.

"அவங்க ஒரு டாலர் கட்டறதில்லை" என்பது ஏன் தப்பு என்று இப்போது தெரியும். நிறையவே கட்டுகிறார்கள், ஆனால் வேறு உண்டியலில்.

அப்போது பள்ளிக்கு நஷ்டமா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "பைலட்டால் பள்ளி பணத்தை இழக்கிறது" என்று மேடையில் பேசுவார்கள். நியூஜெர்சி முதல் வகை ஊர் என்பதை மறந்துவிடுகிறார்கள். பள்ளி வாரியம் தன் கோரிக்கையைச் சொல்லும். நகராட்சி அதை ஊரிலிருந்து வசூலித்து முழுசாகக் கொடுத்தாக வேண்டும். பைலட் கட்டடம் வரித்தளத்தில் இல்லை என்பதால் அந்தக் கோரிக்கை மற்றவர்கள் மேல் பிரியும்.

ஒரு சின்ன ஊரின் வரித்தளம் 100 கோடி டாலர், பள்ளிக் கோரிக்கை 1 கோடி. விகிதம் 1 சதவீதம். 5 லட்சம் டாலர் வீட்டுக்குப் பள்ளி வரி 5,000. இப்போது 25 கோடி மதிப்புள்ள அபார்ட்மென்ட் கோபுரம் வருகிறது, அதிலிருந்து 80 பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள், அதனால் கோரிக்கை 1 கோடியே 16 லட்சம் ஆகிறது என்று வைப்போம். கோபுரம் வழக்கமான வரி கட்டினால் உங்கள் பள்ளி வரி 4,640 ஆக இறங்கும். பைலட்டில் இருந்தால் 5,800 ஆக ஏறும். 1,160 டாலர் வித்தியாசம், உங்கள் வீட்டில் ஒரு செங்கல் கூட மாறாமலே.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒற்றைப் படுக்கையறை வீடுகள் நிறைந்த கோபுரம் என்றால் பிள்ளைகள் அவ்வளவு பேர் வரமாட்டார்கள். நகராட்சிக்கு வந்த பைலட் பணத்தை வைத்து அதன் பங்கு வரியைக் குறைத்தால் உங்கள் தாளில் பள்ளி வரி ஏறி, நகராட்சி வரி இறங்கும். இரண்டையும் கூட்டிப் பார்த்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். பணம் பூங்காவுக்குப் போனதா, வரியைக் குறைக்கப் போனதா என்பது நகர மன்றத்தின் கையில்.

இந்தக் கணக்கு ஏன் பல காலம் யாருக்கும் வலிக்கவில்லை என்பதற்கு ஜெர்சி சிட்டி நல்ல உதாரணம். ஹட்சன் ஆற்றங்கரையில் 1980-களிலிருந்து கோபுரங்கள் எழுந்தன, பலதும் சலுகையோடு. அந்த நகரத்தின் பள்ளிகளுக்கு மாநில அரசு மிகப் பெரிய உதவித்தொகை கொடுத்துவந்தது. ஏழைக் குழந்தைகள் படிக்கும் மாவட்டங்களுக்குச் சமமான நிதி வேண்டும் என்ற ஆபட் வழக்குத் தீர்ப்புகளின் பலன் அது. பைலட் கட்டடங்கள் வழக்கமான வரித்தளத்தில் வராததால் நகரம் தாளில் தன் உண்மையான வசதியை விட ஏழையாகத் தெரிந்தது. பள்ளிச் செலவின் பெரும்பகுதியை மாநிலமே சுமந்ததால் உள்ளூர்ப் பள்ளி வரி தாழ்வாக இருந்தது. சலுகையின் சுமையில் ஒரு பங்கை மாநிலம் முழுக்க இருந்தவர்கள் தெரியாமலே தாங்கினார்கள்.

2018-இல் இரண்டு காரியம் சேர்ந்தே நடந்தது. 1988-க்குப் பிறகு முதல் தடவையாக நகரத்தின் எல்லாச் சொத்துகளுக்கும் மறுமதிப்பீடு முடிந்தது. அதே வருடம் மாநிலம் உதவித்தொகையைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் போட்டது. அந்தப் பள்ளத்தை நிரப்ப நிறுவனங்களின் சம்பளப் பட்டியல் மேல் 1 சதவீதப் பள்ளி வரி போட்டார்கள். அது போதாமல் வீட்டு வரியில் பள்ளியின் பங்கும் பல மடங்கு ஏறியது. ஏறியபோது அதைத் தாங்க வரித்தளத்தில் இருந்தவர்கள் யார்? பைலட் இல்லாதவர்கள். பழைய இரண்டு குடும்ப வீட்டுக்காரர்கள், அங்கே வாடகைக்கு இருந்தவர்கள். வாடகைக்காரருக்கு வரித் தாள் வராது. வாடகை ஏறும்போதுதான் அவருக்குத் தெரியும்.

சுருக்கமாக: கோரிக்கை நிலையாக இருக்கும் ஊரில் பள்ளி தன் பணத்தை வாங்கிவிடும், கொடுப்பவர்கள்தான் மாறுகிறார்கள்.

"இல்லாவிட்டால் கட்டியிருக்கவே மாட்டார்கள்"

சலுகை நியாயமா என்ற கேள்வியின் ஆணிவேர் இதுதான். சலுகை இல்லாமல் கட்டடம் வந்தே இருக்காது என்றால், இழந்ததாகச் சொல்லும் வரி உண்மையில் இருந்ததே இல்லை. காலி மனையின் வரிதான் கிடைத்திருக்கும். சலுகை இல்லாமலும் வந்திருக்கும் என்றால், ஊர்ப் பணத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறோம்.

எந்தப் பக்கம் உண்மை என்பது இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. 1985-இல் துருப்பிடித்த ரயில் தண்டவாளம் கிடந்த ஆற்றங்கரையில் முதல் கோபுரம் கட்டியவருக்கு உந்துதல் தேவைப்பட்டிருக்கும். பத்து நிமிடத்தில் மன்ஹாட்டனுக்கு ரயில் போகும் அதே கரையில், நாற்பது கோபுரம் வந்த பிறகு, நாற்பத்தோராவது கோபுரத்துக்கு எதற்கு? மாசுபட்ட பழைய தொழிற்சாலை மனை, வசதி குறைந்தவர்களுக்கான வீடுகள் என்றால் நான் இன்றும் சலுகையை ஆதரிப்பேன். நன்றாக விலை போகும் இடத்தில் 30 வருடச் சலுகை என்றால் மாட்டேன். இன்று பிறக்கும் குழந்தை பள்ளி, கல்லூரி முடித்து, தானே வீடு வாங்கும் வயது வரை ஓடும் ஒப்பந்தம் அது.

சலுகை யார் கைக்குப் போகிறது?

பிலடெல்ஃபியாவில் தளர்வோடு விற்ற வீடுகளின் விளம்பரத்தில் "இன்னும் 8 வருடம் வரித் தளர்வு பாக்கி" என்ற மாதிரி வாசகம் பெரிதாக இருக்கும். வருடத்துக்கு 4,500 டாலர் மிச்சம் என்றால் வாங்குபவர் வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராகிறார். விற்பவரும் அதைத் தெரிந்தே விலை சொல்கிறார். மனை விற்றவரும் தெரிந்தே மனைக்கு விலை வைத்திருக்கிறார். ஆக, சலுகையின் பெரும்பங்கு விலைக்குள் கரைந்து, முதலில் விற்றவர்கள் கைக்குப் போய்விடுகிறது. கடன் வாங்கிக் குடிவந்த இளம் தம்பதியைப் பார்த்து "வரி கட்டாதவங்க" என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை. அவர்கள் அதை வீட்டுக்கடனாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பதினோராவது வருடம் முழு வரியும் வந்து நிற்கும்போது திண்டாடப்போவதும் அவர்கள்தான். அப்படி வீடு பார்ப்பவர்கள் யாராவது என்னைக் கேட்டால், தளர்வு முடிந்த பிறகு வரும் வரியை வைத்து மாதக் கணக்குப் போடச் சொல்வேன்.

"என் பிள்ளைகள் படித்து முடித்தாயிற்று, நான் ஏன் கட்ட வேண்டும்?"

இதுவும் அடிக்கடி கேட்கும் கேள்வி. பள்ளி வரி நம் பிள்ளைக்கான கட்டணம் அல்ல. ஊருக்குப் பொதுவான வரி. நம் பிள்ளை படித்த 13 வருடமும் பிள்ளை இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் கட்டினார். நல்ல பள்ளி இருக்கும் ஊரில் நம் வீடும் நல்ல விலைக்குப் போகிறது. ஆனால் ஓய்வு பெற்றவரின் வருமானம் நின்றுவிட்டது, வீட்டு மதிப்போ ஏறிக்கொண்டே போகிறது என்பது உண்மையான கஷ்டம். அதற்காகத்தான் 65 வயது ஆகி, வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு வரி உயர்வைத் திருப்பித் தரும் "சீனியர் ஃப்ரீஸ்" திட்டம் நியூஜெர்சியில் இருக்கிறது. பெற்றோருடன் இருப்பவர்கள் வீடு யார் பேரில் இருக்கிறது என்று பார்த்து விண்ணப்பியுங்கள், தானாக வராது.

உங்கள் ஊரில் எங்கே பார்ப்பது

நியூஜெர்சி நகராட்சிகள் ஒவ்வொரு வருடமும் "எளிய பட்ஜெட்" என்று ஒரு ஆவணத்தைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். அதில் பைலட் கட்டடங்களின் பட்டியல் இருக்கும்: கட்டடத்தின் பெயர், மதிப்பீடு, கட்டும் பைலட் தொகை, வழக்கமான வரி போட்டிருந்தால் எவ்வளவு என்ற தொகை. கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. சில ஊர்கள் ஒப்பந்தத்திலேயே பள்ளிக்கு ஒரு பங்கு எழுதிக்கொள்கின்றன. ஒஹையோ மாநிலத்தில் வணிகக் கட்டடங்களுக்குக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தளர்வு கொடுக்கப் பெரும்பாலும் பள்ளி வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். நியூஜெர்சியில் அப்படி இல்லை.

ஆனால் ஒவ்வொரு பைலட் ஒப்பந்தமும் நகர மன்றத்தில் சட்டமாக வர வேண்டும். இரண்டாவது வாசிப்பின்போது, அதாவது இறுதி வாக்கெடுப்புக்கு முன், பொதுமக்கள் பேசலாம். உங்கள் முறை வரும்போது ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று இவ்வளவு கேட்டால் போதும்: சலுகை இல்லாமல் இந்தக் கட்டடம் வராது என்பதற்குக் கணக்கு எங்கே? எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள்? அந்த 95 சதவீதத்தில் பள்ளிக்கு எவ்வளவு?